எட்டுப் பேரும் ஒரு குதிரையும்: இத்தாலிய முகமூடி நாடகத்தின் கதை



நம் பிள்ளைகள் பள்ளிக்கும் பெரியவர்கள் பட்டணத்துக்கும் அணிந்து செல்லும் நீண்ட காற்சட்டையை நாம் 'பேண்ட்' என்கிறோம். அது 'பேண்டலூன்' என்னும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். பேண்டலூன் என்பதோ ஒரு மனிதனின் பெயரிலிருந்து வந்தது. அவன் அரசனும் அல்லன், தையற்காரனும் அல்லன். நாடக மேடையில் மட்டுமே வாழ்ந்த ஒரு கஞ்சக் கிழவன். 'பாந்தலோனே' என்பது அவன் பெயர். ஏறக்குறைய 450 ஆண்டுகளுக்கு முன் இத்தாலி நாட்டு மேடைகளில் சிவப்புக் காற்சட்டையும் கறுப்பு மேலங்கியும் வளைந்த மூக்கு வைத்த முகமூடியும் அணிந்து அவன் தோன்றினான். நாடகம் மறந்து போனவர்களிடத்திலும் அவன் காற்சட்டையின் பெயர் தங்கிவிட்டது.

அந்தக் கிழவன் பிறந்த நாடகத்தைப் பற்றித்தான் இன்று நாம் பேசப் போகிறோம். இத்தாலிய மொழியில் அதனைக் 'கொமேடியா டெல் ஆர்த்தே' என்பார்கள். 'கொமேடியா' என்றால் நாடகம். 'ஆர்த்தே' என்ற சொல்லுக்குக் கலை என்றும் பொருள் உண்டு, கைத்தொழில் என்றும் பொருள் உண்டு. தச்சர், கொல்லர், நெசவாளர் போன்றோர் தொழில்வாரியாக அமைத்துக்கொண்ட சங்கங்களுக்கும் அக்காலத்தில் அதுவே பெயர். ஆகவே, நாடகத்தையே தொழிலாகக் கொண்டவர்கள் நடித்த நாடகம் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம்.

தொழில் என்ற சொல்லை நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதற்கு முன்பு இத்தாலியில் நாடகம் என்பது பெரும்பாலும் அரண்மனைகளிலும் கற்றவர் கழகங்களிலும் விழா நாள்களில் நடந்த பொழுதுபோக்கு. அதில் நடித்தவர்களுக்கு வயிற்றுப்பாட்டுக்கு வேறு வழி இருந்தது. நடிப்பையே நம்பி அடுப்பு எரிய வேண்டும் என்ற நிலையில் இருந்தவர்கள் எப்போது ஒன்று சேர்ந்தார்கள்? அதற்கு ஒரு பத்திரம் சான்றாகக் கிடைத்திருக்கிறது.

1545ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள், பாதுவா என்ற நகரில், பத்திரம் எழுதும் அதிகாரி ஒருவர் முன்னிலையில் எட்டு ஆண்கள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஊர் ஊராகச் சென்று நாடகம் ஆடிப் பிழைப்பதென்றும், அடுத்த ஆண்டு கார்னிவல் விழாக் காலம் வரை பிரியாமல் இருப்பதென்றும் அதில் எழுதினார்கள். மாஃபியோ என்பவரைத் தலைவராக ஏற்றுக்கொண்டார்கள். அதன் விதிகளைக் கேளுங்கள், நேயர்களே. மூட்டை முடிச்சுகளைச் சுமக்கப் பொதுப் பணத்தில் ஒரு குதிரை வாங்கப்படும். வரும் பணம் ஒரு பெட்டியில் போடப்படும். அந்தப் பெட்டிக்கு மூன்று சாவிகள், அவை மூன்று பேரிடம் இருக்கும். எல்லாரும் சம்மதிக்காமல் பெட்டியைத் திறக்கக் கூடாது. யாராவது நோய்வாய்ப்பட்டால், அவர் குணமாகும் வரையிலோ வீடு போய்ச் சேரும் வரையிலோ பொதுப் பணத்திலிருந்து உதவ வேண்டும். தமக்குள் பணம் வைத்துச் சீட்டாடக் கூடாது. ஏதாவது சிறு தின்பண்டத்துக்காக ஆடிக்கொள்ளலாம். இடையில் குழுவை விட்டு ஓடுபவர் அபராதம் கட்ட வேண்டும். அந்த அபராதத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏழைகளுக்குச் சேரும்.

நடிகர் குழு ஒன்றின் ஒப்பந்தமாக இன்று கிடைத்துள்ளவற்றுள் மிகப் பழைமையானதாக அறிஞர்கள் இதைத்தான் காட்டுகிறார்கள். நாடகக் கலையைப் பற்றிய புகழுரை எதுவும் அதில் இல்லை. குதிரையும் சாவியும் காய்ச்சலும் சீட்டாட்டமும்தாம் இருக்கின்றன. உழைத்துப் பிழைப்பவன் எதற்கு அஞ்சுவானோ அதற்கெல்லாம் அவர்கள் வழி வகுத்து வைத்தார்கள். உடல் நலிந்தால் யார் பார்ப்பார்கள், பணத்தை ஒருவனே எடுத்துக்கொண்டால் என்ன செய்வது, நடுவழியில் ஒருவன் கைவிட்டுப் போனால் மற்றவர் கதி என்ன என்பனவே அவர்கள் கவலை. சங்கமும் கூட்டுறவும் என்ன என்று அறிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இனி, அவர்கள் எப்படி நடித்தார்கள் என்று பார்ப்போம்.

நாம் அறிந்த நாடகங்களில் ஆசிரியர் ஒருவர் வசனம் எழுதுவார், நடிப்பவர் அதை மனப்பாடம் செய்வார். இத்தாலியக் குழுக்களிடம் அப்படி முழு வசனம் எழுதிய ஏடு இல்லை. கதையின் சுருக்கம் மட்டும் சில தாள்களில் இருக்கும். இன்னார் வருகிறார், இன்னதைக் கேட்கிறார், சண்டை மூள்கிறது, அடி வாங்கிக்கொண்டு ஓடுகிறார் என்பது போன்ற குறிப்புகள்தாம் அதில் காணப்படும். மேடைக்குப் பின்புறம் அதைத் தொங்கவிட்டு, உள்ளே போகும் முன் நடிகர் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார். பேச்சு முழுவதும் அந்த நேரத்தில் அவர் வாயில் பிறக்க வேண்டும். ஃபிளாமினியோ ஸ்காலா என்ற நடிகர் இத்தகைய 50 கதைச் சுருக்கங்களைத் தொகுத்து 1611இல் ஒரு நூலாக அச்சிட்டார். அந்நாளில் இந்நாடகம் எப்படி நடந்தது என்று நாம் அறிவதற்கு அந்நூல் பெருந்துணையாக இருக்கிறது.

வாயில் வந்ததைப் பேசுவதுதானே, இதற்கு என்ன பயிற்சி வேண்டும் என்று சிலர் எண்ணக்கூடும். உண்மை அதற்கு நேர்மாறானது. ஒரு நடிகர் பெரும்பாலும் ஒரே பாத்திரத்தைத்தான் ஆண்டுக் கணக்கில், சில வேளைகளில் வாழ்நாள் முழுவதும் ஏற்பார். அந்தப் பாத்திரம் காதலில் எப்படிப் பேசும், கோபத்தில் எப்படிப் பேசும், கடன்காரனைக் கண்டால் எப்படி நெளியும் என்பதையெல்லாம் நூல்களைப் படித்தும் மனிதர்களைப் பார்த்தும் குறிப்பேட்டில் எழுதிச் சேர்த்து வைப்பார். மேடையில் எது எப்போது தேவையோ அதை எடுத்து வீசுவார். கையில் சரக்கு இருப்பவன்தான் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்க முடியும் அல்லவா?

நம் பள்ளியில் ஒருமுறை ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் வசனம் கொடுக்காமல் கதைச் சுருக்கம் மட்டும் கொடுத்து நடிக்கச் சொன்னோம். முதல் நாள் எல்லாரும் ஊமைகளாக நின்றார்கள். ஒரு வாரம் கடைக்காரரையும் பேருந்து நடத்துநரையும் வீட்டுப் பாட்டியையும் கவனித்து வரச் சொல்லிய பிறகு, அவர்கள் வாயை மூடுவதுதான் கடினமாயிற்று.

இந்நாடகத்திற்கு உரிய மற்றொரு செல்வம் 'லாட்சி'. கதைக்கு நடுவே புகுத்தும் சிறு நகைச்சுவைச் செய்கைகளுக்கு அப்பெயர். கூட்டம் சோர்வடைவது போலத் தெரிந்தால் நடிகர் உடனே ஒன்றை எடுத்து விடுவார். புகழ் பெற்ற ஒன்று ஈயைப் பிடிக்கும் செய்கை. பசியால் துடிக்கும் வேலைக்காரன் ஒருவன் கண்ணுக்குத் தெரியாத ஈயொன்றைத் துரத்துவான், பதுங்குவான், பாய்ந்து பிடிப்பான், சிறகுகளைப் பிய்த்துப் போட்டுவிட்டு விருந்துண்பவனைப் போலச் சுவைத்துச் சாப்பிடுவான். பார்ப்பவர் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். சற்று நின்று எண்ணிப் பார்த்தால் அது சிரிப்புக்கு உரிய காட்சி மட்டுமா?

இப்போது பாத்திரங்களைச் சந்திப்போம். முதலில் முதலாளிமார். பாந்தலோனே வெனிஸ் நகரத்து வணிகன். பணம் உண்டு, கொடுக்க மனம் இல்லை. வயதாகியும் இளம் பெண்ணை மணக்க ஆசைப்படுவான். அவனுடைய நண்பன் 'தொத்தோரே', பல்கலைக்கழகத்துக்குப் பேர்போன பொலோஞா நகரத்துப் பண்டிதன். இலத்தீன் சொற்களைத் தப்பும் தவறுமாகக் கலந்து மூச்சு விடாமல் பேசுவான், கடைசியில் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டான். மூன்றாமவன் 'கப்பித்தானோ' என்னும் படைவீரன், பல வேளைகளில் ஸ்பெயின் நாட்டவன். வாள் நீளம், மீசை நீளம், தான் வென்ற போர்களைப் பற்றிய பேச்சு அதைவிட நீளம். கதவு தட்டும் ஓசை கேட்டால் ஒளிந்துகொள்வான். அக்காலத்தில் இத்தாலியின் பல பகுதிகள் ஸ்பெயின் ஆட்சியின் கீழ் இருந்தன என்பதை நினைவில் கொண்டால், அந்த வீரனைப் பார்த்து மக்கள் ஏன் அவ்வளவு சிரித்தார்கள் என்பது விளங்கும்.

காதலர் இருவர் இருப்பார்கள். அவர்களுக்கு முகமூடி இல்லை, அழகிய தொஸ்கானா நாட்டு மொழியில் பேசுவார்கள். முதியவர்கள் அவர்கள் காதலுக்குத் தடை போடுவார்கள். அந்தத் தடையை உடைப்பவர்கள் யார்? வேலைக்காரர்கள்தாம்.

இந்த வேலைக்காரர்களுக்குப் பொதுப் பெயர் 'சான்னி'. ஜொவான்னி என்ற பெயரை வட இத்தாலியில் அப்படிச் சுருக்கிச் சொல்வார்கள். பெர்காமோ என்ற மலைப் பகுதியிலிருந்து ஏழை மக்கள் பிழைப்புத் தேடி வெனிஸ் நகரத்துக்கு வந்தார்கள். துறைமுகத்திலும் சந்தையிலும் மூட்டை தூக்கினார்கள். அவர்கள் பேச்சு நகரத்தாருக்கு வேடிக்கையாகப் பட்டது, அவர்கள் பசி இன்னும் வேடிக்கையாகப் பட்டது. கூலிக்காரனை யார் தனித்தனிப் பெயர் சொல்லி அழைத்தார்கள்? ஒருவனுடைய பெயரே எல்லாருக்கும் பெயராயிற்று. நகரத்தார் அவனை மேடையிலேற்றிச் சிரித்தார்கள். ஆங்கிலத்தில் கோமாளித்தனத்தைக் குறிக்கும் 'சேனி' என்ற சொல் இந்தப் பெயரிலிருந்து வந்ததே. வேலை தேடி ஊர் விட்டுப் போனவனின் பேச்சையும் நடையையும் ஊரார் கேலி செய்வது என்ன என்பதை நாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

ஆனால் மேடையில் ஒரு விந்தை நடந்தது. கேலிக்கென்று கொண்டுவரப்பட்டவன் கதையையே தன் கையில் எடுத்துக்கொண்டான். சான்னிகளில் ஒருவன் தந்திரக்காரன், அவன் 'பிரிகெல்லா'. மற்றவன் வெகுளி, அவன்தான் உலகப் புகழ் பெற்ற 'ஆர்லெக்கினோ'. கிழிசல்களை ஒட்டுப் போட்டுத் தைத்த உடை அவனுடையது. பிற்காலத்தில் அந்த ஒட்டுகள் பல வண்ணச் சாய்சதுரங்களாகி அழகு பெற்றன. பிறப்பில் அவை வறுமையின் அடையாளமே. தெற்கே நேப்பிள்ஸ் நகரத்தில் வெள்ளை அங்கியும் கறுப்பு முகமூடியுமாகப் 'புல்சினெல்லா' பிறந்தான். வேலைக்காரப் பெண்ணின் பெயர் பல குழுக்களில் 'கொலம்பினா'. நாடகத்திலேயே மிகுந்த அறிவுள்ளவள் பெரும்பாலும் அவள்தான்.

முகமூடிகளைத் தோலால் செய்தார்கள். மரத்தில் முக வடிவம் செதுக்கி, ஈரத் தோலை அதன்மேல் இழுத்துத் தட்டித் தட்டிப் பதிய வைப்பார்கள். நெற்றியையும் மூக்கையும் கன்னத்தையும் அது மறைக்கும், பேசுவதற்காக வாய் திறந்திருக்கும். முகம் மறைந்த பிறகு நடிகன் எதைக் கொண்டு நடிப்பான்? கழுத்து, தோள், கை, கால், நடை ஆகிய அனைத்தும் பேச வேண்டும். அதனால்தான் பிரான்சிலும் ஸ்பெயினிலும் இங்கிலாந்திலும் இத்தாலிய மொழி அறியாதவர்கள்கூட அவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பெண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் 1660 வரை பொது நாடக மேடையில் பெண் வேடத்தைச் சிறுவர்களே ஏற்றார்கள். இத்தாலியிலோ 1564இலேயே ரோம் நகரத்து நாடகக் குழு ஒப்பந்தம் ஒன்றில் லுக்ரேசியா என்ற பெண்ணின் பெயர் காணப்படுகிறது. எல்லாரிலும் புகழ் பெற்றவர் இசபெல்லா அந்த்ரெயினி. 1562இல் பாதுவாவில் பிறந்தவர். 'ஜெலோசி' என்ற குழுவில் நடித்தார். அவர் எழுதிய 'மிர்த்தில்லா' என்ற நாடகம் 1588இல் அச்சாயிற்று. 1589இல் புளோரன்ஸ் நகரத்து ஆட்சியாளர் திருமணத்தில் மனம் பேதலித்த பெண்ணாகப் பல மொழிகளில் பேசி நடித்து அவையோரை வியக்க வைத்தார். 1604இல் பிரான்சிலிருந்து ஊர் திரும்பும் வழியில், கருவுற்றிருந்த நிலையில், லியோன் நகரில் காலமானார். அந்த நகரம் அவருக்குச் சிறப்பு மரியாதை செய்து அடக்கம் செய்தது. உடன் நடித்த கணவர் பிரான்செஸ்கோ குழுவைக் கலைத்துவிட்டு, மனைவியின் எழுத்துகளை வெளியிடுவதில் ஈடுபட்டார். படித்த பெண், உழைத்த பெண், எழுதிய பெண் என்ற மூன்றும் ஒருவரிடம் கூடியிருந்தன. பெண் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்பவர் எவரேனும் இன்னும் இருந்தால் இந்த வரலாற்றைச் சொல்லுங்கள்.

அவர்கள் வாழ்க்கை எளிதாக இருந்ததென்று எண்ண வேண்டாம். 1577இல் ஜெலோசி குழுவைப் பிரான்சு அரசர் மூன்றாம் ஹென்றி அழைத்தார். வழியில் உள்நாட்டுச் சண்டையில் எதிர்த்தரப்பினரிடம் அவர்கள் சிக்கினார்கள். அரசர் பணம் கொடுத்து மீட்க வேண்டியதாயிற்று. மதத் தலைவர்கள் பலர் நாடகத்தைப் பாவம் என்றனர். 1697இல் பிரான்சு அரசர் பதினான்காம் லூயி இத்தாலிய நடிகர்களின் அரங்கத்தையே மூடிவிட்டார். அரசரின் துணைவியாரைக் கேலி செய்யும் நாடகம் ஒன்றை அவர்கள் ஆட இருந்ததே காரணம் என்பார்கள். அவர் இறந்த பிறகு 1716இல்தான் இத்தாலியர் மீண்டும் பாரிசில் ஆடினர். எழுதி வைத்த வசனம் இல்லாத நாடகத்தை முன்கூட்டியே படித்துத் தடுக்க முடியாது. அதிகாரத்தில் இருப்போர் அதனைக் கண்டு அஞ்சியதில் வியப்பில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் இந்நாடகம் தளரத் தொடங்கியது. அதே கேலி, அதே ஆபாசப் பேச்சு, அதே அடிதடி என்று மக்களுக்குச் சலிப்புத் தட்டியது. அப்போது வெனிஸ் நகரத்துக் கார்லோ கொல்தோனி என்ற நாடகாசிரியர், வசனத்தை முழுமையாக எழுதித் தரும் முறையைக் கொண்டுவந்தார். அவர் படைத்த 'இரண்டு முதலாளிகளின் வேலைக்காரன்' என்ற நாடகம் இன்றும் உலகெங்கும் நடிக்கப்படுகிறது. 1740களில் நடிகர் ஒருவர் கேட்டுக்கொண்டதால் முதலில் கதைச் சுருக்கமாகக் கொடுத்து, பின்னர் 1753இல் முழு நாடகமாக வெளியிட்டார்.

அதன் கதையைச் சுருக்கிச் சொல்வோம். துருஃபால்தினோ என்ற வேலைக்காரனுக்கு எப்போதும் பசி. ஒரு முதலாளியிடம் வேலை செய்தால் ஒரு சாப்பாடுதானே, இருவரிடம் செய்தால் இரண்டு கிடைக்குமே என்று, ஒருவருக்குத் தெரியாமல் மற்றவரிடமும் சேர்ந்துவிடுகிறான். இருவரும் ஒரே விடுதியில் தங்கியிருக்கிறார்கள். கடிதங்கள் மாறிப் போகின்றன. பிரித்துவிட்ட கடிதம் ஒன்றை மறுபடி ஒட்ட வேண்டி, ரொட்டியை மென்று பசையாக்கப் பார்க்கிறான். வாயில் போட்ட ரொட்டி பசையாகுமுன் தொண்டைக்குள் இறங்கிவிடுகிறது! பசித்தவன் வாய் அவன் சொன்னபடி கேட்குமா? பிறகு இரு முதலாளிகளுக்கும் ஒரே நேரத்தில் உணவு பரிமாற ஓடி ஓடி அவன் படும் பாடு பெரும் பாடு. முடிவில் பார்த்தால் அந்த முதலாளிகளில் ஒருவர் ஆண் வேடத்தில் இருக்கும் பெண். மற்றவர் அவள் தேடி வந்த காதலர். இருவரும் ஒன்று சேர்கிறார்கள், வேலைக்காரனும் தான் விரும்பிய பெண்ணை மணக்கிறான்.

1797இல் வெனிஸ் குடியரசு நெப்போலியனிடம் வீழ்ந்தது. முகமூடி விழாக்களும் அத்துடன் ஒடுங்கின. என்றாலும் அந்த நாடகத்தின் விதைகள் அதற்கு முன்பே பல நாடுகளில் முளைத்துவிட்டன. பிரஞ்சு நாடக மேதை மொலியேர் 1658 முதல் இத்தாலிய நடிகர்களோடு ஒரே அரங்கத்தைப் பகிர்ந்துகொண்டவர். அவர் படைத்த கஞ்சர்களிலும் சாமர்த்திய வேலைக்காரர்களிலும் பாந்தலோனேயையும் சான்னியையும் காணலாம். நேப்பிள்ஸ் நகரத்துப் புல்சினெல்லா இங்கிலாந்துக்குப் போய்ப் 'பஞ்ச்' என்ற பொம்மையானான். 1662இல் இலண்டனில் அந்த இத்தாலியப் பொம்மையாட்டத்தைப் பார்த்ததாகச் சாமுவேல் பெப்பிஸ் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

மேடையில் அடிப்பதற்கு ஆர்லெக்கினோ ஒரு மட்டை வைத்திருப்பான். இரண்டு மெல்லிய பலகைகளைச் சேர்த்துக் கட்டியது. அடித்தால் பலத்த ஓசை எழும், வலி இருக்காது. ஆங்கிலத்தில் அதற்கு 'சிலாப்ஸ்டிக்' என்று பெயர். இன்று விழுந்து எழுந்து அடிபட்டுச் சிரிக்க வைக்கும் படங்கள் அனைத்துக்கும் அந்த மட்டையின் பெயரே வழங்குகிறது. முன்பு தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய நாள்களில் சார்லி சாப்ளினைப் பார்த்து நாம் சிரித்திருக்கிறோம். அவர் இத்தாலியரிடம் பாடம் கேட்டவர் அல்லர். ஆனால் ஆர்லெக்கினோ இங்கிலாந்து சென்று 'ஹார்லெக்வின்' ஆனான். அவனைச் சுற்றி வளர்ந்த ஊமைக் கூத்துகளின் வழிவந்த மேடைகளில்தான் சாப்ளின் தொழில் பழகினார். கிழிந்த உடை, பசி, முதலாளிக்கும் காவலருக்கும் தப்பி ஓடும் கால்கள் ஆகிய அடையாளங்களைக் கொண்டு பாருங்கள். பெர்காமோ மூட்டைக்காரனின் உறவினன் என்று சொல்லத் தோன்றவில்லையா?

இத்தாலியிலும் அந்த நாடகம் மீண்டும் உயிர் பெற்றது. 1947இல் மிலான் நகரில் 'பிக்கொலோ தியாத்ரோ' என்ற அரங்கம் தொடங்கப்பட்டது. அவ்வாண்டே ஜோர்ஜியோ ஸ்த்ரேலர் என்ற இயக்குநர் கொல்தோனியின் வேலைக்காரனை அங்கே மேடையேற்றினார். தோல் முகமூடி செய்யும் கலை மறைந்து போயிருந்தது. பாதுவா நகரத்துச் சிற்பி அம்லெத்தோ சார்த்தோரி பழைய முறையைத் தேடி ஆராய்ந்து அதை மீட்டுத் தந்தார். முதலில் மார்செல்லோ மொரெத்தியும், அவருக்குப் பின் பெருச்சியோ சொலேரியும் ஆர்லெக்கினோவாக நடித்தனர். 1929இல் பிறந்த சொலேரி 2018 வரை அந்த வேடத்தில் துள்ளிக் குதித்தார். இத்தாலிய நடிகரும் நாடகாசிரியருமான தாரியோ ஃபோ, பசியால் வாடும் சான்னியின் கதையைத் தனி ஒருவராக நடித்து உலகெங்கும் காட்டினார். 1997இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

நேயர்களே, பாந்தலோனேயின் பணம் எங்கே போயிற்றோ தெரியாது. தொத்தோரேயின் இலத்தீனை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. ஒட்டுப் போட்ட உடையோடு மூட்டை தூக்க வந்தவனை மட்டும் உலகம் மறக்கவில்லை. சிரிப்பதற்காக அவனை அழைத்து வந்தவர்கள், அவன் சாமர்த்தியத்துக்குக் கைதட்டிவிட்டு வீடு திரும்பினார்கள்.

இனி நாம் ஒரு நகைச்சுவைக் காட்சியைப் பார்த்துச் சிரிக்கும்போது, யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். ஏழையின் பேச்சையும் நிறத்தையும் பார்த்துச் சிரிக்கிறோமா, அல்லது ஏழையோடு சேர்ந்து செருக்கைப் பார்த்துச் சிரிக்கிறோமா? இரண்டும் ஒன்றல்ல. பிள்ளைகளுக்கும் இந்த வேறுபாட்டைச் சொல்லிக் கொடுப்போம். பள்ளி விழாவுக்கு நாடகம் போடும் இளைஞர் மன்றத்தினர், ஒருமுறை கதைச் சுருக்கத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நடித்துப் பாருங்கள். தொடங்கும் முன், பாதுவா நகரத்து எட்டுப் பேரைப் போல, பொதுப் பெட்டிக்கு மூன்று சாவி செய்து வைக்கவும் மறந்துவிடாதீர்கள்.